பிரதட்சிணமாய்ச் சுற்றிய காயில்

என் கணவர் என்னை ஒருமையில் அழைக்கவே மாட்டார். கோயம்புத்தூர்க்காரர். "சாப்பிடலாமுங்களா", "கதவைச் சாத்திக்கிறீங்களா", "போய்ட்டு வர்றனுங்க". கல்யாணமான புதிதில் செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அம்மா வீட்டுக்கு அவரோடு போனபோதெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். அவரவர் வீட்டில் "ஏ", "இந்தா", "எங்க போய்த் தொலஞ்ச" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு நான் பூர்வஜென்மத்தில் ஏதோ புண்ணியம் செய்தவளாகத் தெரிந்தேன். எங்கள் வீடு திருநெல்வேலி வீடு. பிரியம் வந்தாலும் "ஏட்டி", கோபம் வந்தாலும் "ஏட்டி". மரியாதையாக யாராவது பேசினால் ஜப்தி செய்ய வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் ஒவ்வொரு முறை "ங்க" போடும்போதும் நான் ஏதோ ஆபீசில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பதுபோல் இருக்கும்.

ஹைதராபாத் ஓரத்தில் ராமச்சந்திராபுரத்தில் இருந்த பெரிய தொழிற்சாலையில் அவருக்கு டிராயிங் ஆபீஸ் வேலை. டவுன்ஷிப்பிலேயே குவார்ட்டர்ஸ். எனக்கு பாலாநகர்ப் பக்கம் வேறொரு பொதுத்துறை நிறுவனத்தில் வைண்டிங் செக்ஷன். ரிலேக்களுக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் செப்புக் கம்பி சுற்றுகிற வேலை. காலையில் அவர் சைக்கிளில் ஒரு பக்கம், நான் கம்பெனி பஸ்ஸில் இன்னொரு பக்கம். சாயங்காலம் இருவரும் வந்து சேர்வோம். நான் அன்று நடந்ததையெல்லாம் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். கேட்காத எதையும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. வந்திருந்தால் தேவலை. அவர் குடிக்கமாட்டார், சிகரெட் கிடையாது, சம்பளத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். நானும் கெட்டவள் இல்லை, கொஞ்சம் வாயாடி, அவ்வளவுதான். ஆனால் கல்யாணமாகி ஆண்டுகள் போன பிறகும் ரயிலில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரிதான் இருந்தோம். குழந்தையும் இல்லை. அம்மாவிடம் போய் அழுதால், "அவரும் தங்கம், நீயும் தங்கம், பொறவு என்னட்டி?" என்பாள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கையும் தட்டிக்கொண்டுதான் இருந்தன.

வீட்டில் ஓசை என்று இருந்தது கிதார்தான். மெட்டுகுடாவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன ஜப்பான் கிதார். எலெக்ட்ரிக். தேன் நிறத்தில், ஓரமெல்லாம் கறுத்து, பலகைபோல் கனமாக இருக்கும். சாதாரணக் கிதாருக்கு வயிற்றில் இருக்கும் ஓட்டை இதற்குக் கிடையாது. தந்திக்குக் கீழே இரண்டு பிக்கப் இருக்கும். பிக்கப் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிதான், எங்கள் பாஷையில் காயில். தந்தி அதிர்ந்தால் அந்தக் கம்பியில் கொஞ்சம் கரண்ட் உண்டாகும், ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கிச் சத்தமாகக் கொடுக்கும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் குழைவாகப் பேசும், கடைசியில் இருப்பது கூர்மையாகப் பேசும். ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் மற்றது, நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து. அவருக்கு நடுதான் பிடிக்கும். டவுன்ஷிப்பில் வேலை செய்கிறவர்களே சேர்ந்து நடத்திய இன்னிசைக் குழுவில் அவர்தான் கிதார். மேடையில் அவரைப் பார்த்தால் வீட்டில் இருக்கிற மனுஷன்தானா என்று சந்தேகம் வரும். கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே ஒரு நிகழ்ச்சி விடாமல் போவேன்.

ஒரு மழைக்காலத்தில் கடைசிப் பிக்கப் ஊமையாகிவிட்டது. அவர் ஆபிட்ஸ் கடைத்தெருவில் வாத்தியக் கடை கடையாக ஏறி இறங்கினார். பிக்கப் தனியாகக் கிடைக்காது, பம்பாயில் சொல்லி வைத்தாலும் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். பாதிக் கிதாரோடு மேடை ஏற மாட்டேன் என்று அவர் அதைப் பையில் போட்டுக் கட்டி பீரோமேல் வைத்துவிட்டார். குழுவுக்கும் போவதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்டது. எனக்கே என் குரல் அலுத்துப்போனது.

அப்போதுதான் ஒருநாள் காப்பி குடிக்கும்போது சொன்னார். அவர் கம்பெனிக்கு வட இந்தியாவில் ஒரு யூனிட் உண்டு. அங்கே போக விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தார்களாம். அவர் கொடுத்துவிட்டாராம்.

"நீங்க இங்கயே இருந்துக்கலாமுங்க. உங்களுக்கு நல்ல வேலை இருக்குதல்லங்க," என்றார்.

எவ்வளவு மரியாதையாக ஒருத்தியை விட்டுவிட்டுப் போகலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். கத்தியிருக்கலாம். நான் கத்தவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒரு குடும்பக் கணக்கு. கிதார் பேசினால் குழு இருக்கும், குழு இருந்தால் இவர் ஹைதராபாத்தில் இருப்பார், இவர் இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து ஆர்டர் வருவதற்குள் அந்தப் பிக்கப்பைப் பேசவைக்க வேண்டும்.

பீரோமேல் இருந்து கிதாரை நானே இறக்கினேன். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பிக்கப்பை வெளியே எடுத்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால் கம்பி உள்ளுக்குள் பச்சை பூத்துக் கிடந்தது. எங்கோ அறுந்திருக்கிறது, எங்கே என்று தேடி ஒட்ட முடியாது. அவர் ஆபீசிலிருந்து வந்ததும் அதை அவர் முன்னால் வைத்தேன்.

"இது காயில்தாம்லா? நாள் பூரா நான் சுத்துததுதான," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

ராணிகஞ்சில் மோட்டார், மீட்டர் ரிப்பேர் சாமான் விற்கிற கடையில் எனாமல் கம்பி வாங்கினேன். தலைமுடியைவிட மெல்லியது. விரல் வேர்த்தால் போதும், ஒட்டிக்கொண்டு அறுந்துபோகும். பழைய கம்பியை பிளேடால் கீறி எடுத்தேன். கொத்துக் கொத்தாக, சீப்பில் சிக்கிய முடி மாதிரி வந்தது. எங்கள் செக்ஷனில் இதற்கெல்லாம் மெஷின் உண்டு, வீட்டில் ஏது? அவருடைய கை டிரில்லைச் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். துளை ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையைப் பொருத்தி, அதில் பிக்கப்பின் காலியான பாபினை மாட்டினோம். அவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நான் கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு துண்டு கம்பளித் துணியில் பிடித்து, இப்படியும் அப்படியும் நகர்த்தி நிரவிக் கொடுக்க வேண்டும்.

"எந்தப் பக்கமுங்க சுத்தறது?" என்று கேட்டார்.

"பிரதட்சிணம்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எங்கள் செக்ஷனில் அதுதான் பேச்சு. டிராயிங்கில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதன்படி சுற்றுவோம். அம்புக்குறி இல்லாத வேலை வந்தால் பிரதட்சிணம், வலது பக்கமாக. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. இடது பக்கமாகச் சுற்றினால் சாவுக் காரியம் என்று எங்களில் யாரோ ஒருத்தி சொல்லி அது பரவியிருக்க வேண்டும். தெலுங்குப் பெண்கள், செகந்திராபாத் கிறிஸ்தவப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஹைதராபாத் பழைய நகரத்திலிருந்து வரும் என் பக்கத்து மெஷின்காரி முஸ்லிம், கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை. அவளே புதிதாகச் சேரும் பெண்களிடம், "உல்டா நக்கோ, பிரதட்சிணம் கரோ" என்பாள், தலைகீழாகச் சுற்றாதே என்று. இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்தார்.

அந்தச் சில சாயங்காலங்கள்தான் என் கல்யாண வாழ்க்கை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மேஜை விளக்கை இழுத்துத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்திருப்போம். அவர் வேகம் கூட்டினால் நான் கண்ணால் அதட்டுவேன், அவர் குறைப்பார். நான் மூச்சை இழுத்தால் அவர் நிறுத்துவார். எதையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் மணிக்கணக்காகப் பேசாமல் இருந்தேன், அலுக்கவே இல்லை. பாதி சுற்றியிருந்தபோது கம்பி பாபின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. நான் எடுக்கப் போனேன்.

"ஏய், இரு. இழுக்காத," என்றார்.

இரு. இழுக்காத. "ங்க" இல்லை. அவர் கவனிக்கவில்லை. கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து கம்பியை விடுவித்தேன், கண்ணில் தண்ணீர் வந்து கம்பி இரண்டாகத் தெரிந்தது. மறுநாள் செக்ஷனில் அந்த இரண்டு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற பெண்கள் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்கு அல்வா மாதிரி இருந்தது.

பாபின் நிறைந்து, பழையது இருந்த கனத்துக்கு வந்ததும் நிறுத்தினோம். மீட்டரை வைத்தால் முள் துள்ளி ஏறியது. ஆரம்ப முனைக்குக் கறுப்புக் கம்பி, கடைசி முனைக்குச் சிவப்பு என்று எங்கள் கம்பெனி வழக்கப்படி பற்றவைத்துக் கொடுத்தேன். மெழுகை உருக்கி அதில் பிக்கப்பை முக்கி எடுத்தேன், இல்லாவிட்டால் கம்பிகள் உள்ளுக்குள் ஆடிக் கீச்சிடும். அவர் கிதாரில் மாட்டினார். கறுப்பை எர்த்தோடு சேர்த்து, சிவப்பை சுவிட்சில் வைத்து ஈயம் வைத்தார். அந்த ஈயப் புகை வாசனை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

தந்தி மாட்டி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். சுவிட்ச் கீழே. புதிய பிக்கப் கணீரென்று பேசியது. அவர் கண்ணை மூடிச் சிரித்தார், எங்கள் வீட்டில், என் எதிரில். சுவிட்ச் மேலே. பழையது எப்போதும் போல் குழைந்தது. நடுவில் வைத்தார். சத்தம் ஒடுங்கிவிட்டது. கனமே இல்லாமல், ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுவதுபோல் வந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே, மறுபடி நடுவில். அதே மூக்குக் குரல். அவர் கிதாரை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தனித்தனியா ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது. சேந்தாத்தான் ஒண்ணுமில்லாமப் போயிருதுங்க."

அவர் பிக்கப்பைத்தான் சொன்னார். வேறெதையும் மனசில் வைத்துப் பேசத் தெரியாதவர். எனக்கு மட்டும் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல் ஆகிவிட்டது. அம்மா இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அவர் பதில் சொல்லிவிட்டார். அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்தபோதுதான் மூளை வேலை செய்தது. டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுற்றை முனை மாற்றிச் சேர்த்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். இது வைண்டிங் செக்ஷனில் சேர்ந்தவுடன் சொல்லிக்கொடுக்கிற பாடம். இரண்டும் முழுசாக வேலை செய்யும், வேலை முழுக்க ஒன்றை ஒன்று அடிப்பதாகவே போய்விடும். கிதார் செய்த ஜப்பான்காரன் பிரதட்சிணத்தைக் கண்டானா? அவன் இடது பக்கமாகச் சுற்றியிருக்கிறான். அம்புக்குறி இல்லாத வேலை என்று நாங்கள் வலது பக்கமாகச் சுற்றிவிட்டோம். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டுமோ என்று அவர் முகம் வாடியது. ஒன்றும் வேண்டாம், கறுப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு, சிவப்பு இருக்கும் இடத்தில் கறுப்பு. அவர் கிதாரைப் பிடித்துக்கொண்டார், நான் இரண்டு இடத்தில் ஈயத்தை உருக்கி மாற்றி வைத்தேன். ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

சுவிட்சை நடுவில் வைத்து ஒரே ஒரு முறை மீட்டினார். வீடு நிறைந்தது. அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. "அட," என்றார். பிறகு என்னென்னவோ வாசித்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் படித்தவள், மூடநம்பிக்கைக்காரி இல்லை. ஆனாலும் அன்று நம்பினேன். எங்கள் இருவரிடமும் கோளாறு ஒன்றுமில்லை, எங்கோ ஒரு முனைதான் மாறிக் கிடக்கிறது, அதை மாற்றி வைத்தால் போதும், ஒருவேளை இன்றைக்கே மாறிவிட்டது என்று நம்பினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

பொங்கல் சமயத்தில் டவுன்ஷிப் தமிழர்கள் சேர்ந்து விழா நடத்தினார்கள். குழு மறுபடி மேடையேறியது. சுவிட்சை நடுவில் வைத்தே அவர் எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், கிதார் சார் திரும்ப வந்துட்டாரே என்றாள். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்ல வாய் துடித்தது.

பொழுது சாயும் நேரத்தில் விழா முடிந்தது. குவார்ட்டர்ஸுக்கு நடந்தே திரும்பினோம். அவர் தோளில் கிதார், என் கையில் சுருட்டிய ஒயர். வழி முழுக்க அவர் பேசினார். கேட்காமலே பேசினார். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் சத்தம் எப்படி வந்தது, தபேலாக்காரர் என்ன சொன்னார், அடுத்த நிகழ்ச்சி எங்கே. டவுன்ஷிப் கடைத்தெருவைத் தாண்டும்போது, "பேரை வாபஸ் வாங்கிட்டனுங்க. வடக்க போகலீங்க," என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகச் சொன்னதுதான்.

"எனக்காகவா?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். யோசித்தார். விளையாட்டுக்காகக்கூட, என் மனசு குளிர்வதற்காகக்கூட ஒரு பொய் சொல்ல அவருக்கு வராது. மற்ற பெண்களின் புருஷன்மார்கள் நாள் ஒன்றுக்குப் பத்துப் பொய் சொல்வார்கள் என்று எங்கள் செக்ஷனில் புலம்புவார்கள். எனக்கு ஒன்று போதுமாக இருந்தது.

"இல்லீங்க," என்றார். "குழுவை உட்டுட்டுப் போக மனசு வரலீங்க."

சொல்லிவிட்டு மறுபடி நடந்தார். நான் கூடவே நடந்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், அப்பளம் பொரித்தேன். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அங்கே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் ஹைதராபாத்தில் இருக்க வேண்டும் என்று பாடுபட்டேன், இருந்தார். என்னோடு இருக்க வேண்டும் என்பதற்கு என்ன பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பட்டிருப்பேன்.

மறு வருஷம் எங்கள் நிறுவனம் பெங்களூரில் புதிதாக ஒரு வைண்டிங் செக்ஷன் திறந்தது. பெயர் கேட்டார்கள், கொடுத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாங்க போங்க என்று தாங்குகிற மனுஷனை விட்டுவிட்டு எந்தச் சிறுக்கியாவது போவாளா என்றாள். அவரிடம் சொன்னேன். அங்கே குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டியிருக்கும் என்றார்.

செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு ஏற்றிவிட வந்தார். டிரங்குப் பெட்டியை சீட்டுக்கடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டினார். இறங்கிப் போய்க் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். வாழைப்பழம் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார். அவர் முகமும் கலங்கித்தான் இருந்தது. விசில் ஊதினார்கள், கம்பியிலிருந்து கையை எடுத்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது பொய் என்று தெரிந்தே நான் இறங்கியிருப்பேன்.